மலைக்கு உரியவரே வழிகாட்டுவோர்

ஓர் ஊரில் அழகிய மலையோ, அருவியோ, ஏரியோ இருக்குமாயின் அதனைக் காண வெளியூர் மக்கள் வருதல் இயல்பே. அவர்கள் வருகையால் ஊருக்கு விளைவது நன்மையா, தீமையா என்பதே ஆராயத்தக்கது. வந்தவர்கள் ஒரு பகல் தங்கி, உண்டு, படம் எடுத்துக்கொண்டு சென்றுவிடுகின்றனர். ஊரில் எஞ்சுவது எச்சில் இலையும் குப்பையுமே என்று பல இடங்களில் முடிகிறது. வண்டிக்குக் கட்டணம் வசூலிக்கும் உரிமை ஒருவருக்கு. உணவு விற்கும் உரிமை இன்னொருவருக்கு. மலையின் பெயரும் வரலாறும் அறிந்த ஊராருக்கோ வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டும்.

இந்நிலை மாறக் கூடியதா? மாறிய இடங்கள் உலகில் உள்ளனவா? இக்கேள்விகளுக்கு ஆஸ்திரேலிய நாட்டின் ஆதிக்குடி மக்கள் தந்திருக்கும் விடை நம் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்துகொள்ளத் தக்கது. தங்கள் நிலத்தைக் காண வருவோரைத் தாங்களே வரவேற்று, தாங்களே அழைத்துச் சென்று, எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதைத் தாங்களே முடிவு செய்யும் முறையை அவர்கள் படிப்படியாக நிறுவியுள்ளனர். அம்முறை எவ்வாறு அமைந்தது, எவ்வாறு நடைபெறுகிறது, அதன் குறைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

நிலம் யாருடையது?

ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடியினர் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர். 1788-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேறியபோது அக்கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஒவ்வொரு மொழியினர்க்கும் தம் எல்லை, தம் நீர்நிலை, தம் சட்டம் இருந்தன. ஆனால் குடியேறிய அரசோ அதனை உரியவர் எவரும் இல்லாத வெற்று நிலமாகவே கொண்டது. உழுத வயலும் நட்ட வேலியும் கண்ணுக்குப் புலப்படாமையால் உடைமையும் இல்லை என்று கருதினர். நிலம் பறிபோயிற்று, மக்கள் குறைந்தனர், பல மொழிகள் மறைந்தன.

இக்கருத்து மாற ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1976-ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடபுலத்திற்கு ஆதிக்குடியினர் நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1992-ஆம் ஆண்டில் மாபோ வழக்கில் நாட்டின் தலைமை நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வெற்று நிலம் என்னும் கொள்கையையே தள்ளியது. மறு ஆண்டில் பூர்வீக நில உரிமைச் சட்டம் வந்தது. இன்று நாம் காணும் வழிகாட்டும் தொழிலுக்கு வேர் இந்த நில உரிமையில்தான் உள்ளது. நிலத்தின் மீது உரிமை இல்லாதவன் விருந்தினனை வாயிலில் நின்று வரவேற்க இயலாது. பிறர் வீட்டில் ஏவல் செய்யத்தான் இயலும். இவ்வுண்மையை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

உலூரு மலை

ஆஸ்திரேலியாவின் நடுவே, செம்மண் பரந்த வறண்ட சமவெளியில், தனித்து எழுந்து நிற்கும் ஒரே பாறை உலூரு. சமவெளியிலிருந்து அதன் உயரம் 348 மீட்டர். அடிவாரச் சுற்றளவு 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாறையிலுள்ள இரும்புச் சத்து காற்றும் ஈரமும் பட்டுத் துருவேறியதால் மேற்பரப்பு செந்நிறம் பெற்றது. காலையிலும் மாலையிலும் அந்நிறம் மாறி மாறித் தோன்றும். இம்மலைக்கு உரியவர்கள் அனாங்கு மக்கள். 1873-ஆம் ஆண்டில் அவ்வழி வந்த நில ஆய்வாளர் ஒருவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயரை அம்மலைக்கு இட்டார். பல்லாயிரம் ஆண்டுகள் வழங்கிய பெயர் வரைபடத்திலிருந்து மறைந்தது.

1958-ஆம் ஆண்டில், ஆதிக்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட நிலத்திலிருந்து இம்மலையைப் பிரித்துத் தேசியப் பூங்கா ஆக்கினர். உரியவர்களைக் கேட்டார் இல்லை. மலையடியிலேயே விடுதிகள் எழுந்தன. 1964-ஆம் ஆண்டில் பாறைமீது ஏறுவோர் பற்றிச் செல்லச் சங்கிலி பொருத்தினர். ஏறுவதே உலூருவைக் காண்பது என்னும் எண்ணம் நாடெங்கும் பரவியது.

அனாங்கு மக்கள் பல்லாண்டுகள் வாதாடினர். அதன் பயனாக 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் மலையும் சூழ்ந்த நிலமும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் அந்நிலத்தைத் தேசியப் பூங்காவாகத் தொடர்ந்து நடத்துமாறு 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசுக்கே விட்டனர். உடைமை மக்களுடையது; குத்தகைதாரர் அரசு. பூங்காவை நடத்தும் குழுவில் 12 உறுப்பினர். அவர்களுள் 8 பேர் அனாங்கு மக்களின் சார்பினர். நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 25 பங்கு நில உடைமையாளர்களுக்குச் சேர்கிறது. ஒப்படைப்பிற்கு ஓராண்டு முன்னரே, 1984-ஆம் ஆண்டில், மலையடி விடுதிகள் மூடப்பட்டு, பூங்கா எல்லைக்கு வெளியே யுலாரா என்னும் இடத்திற்கு மாறின. விருந்தினர் தங்கும் இடம் மலையடியில் இருத்தலாகாது என்பது அனுபவம் கற்பித்த பாடம்.

ஏறாதீர் என்னும் வேண்டுகோள்

பாறைமீது ஏறவேண்டாம் என்று அனாங்கு மக்கள் தொடக்கம் முதலே வேண்டி வந்தனர். காரணங்கள் இரண்டு. முன்னோர் அம்மலையை அடைந்த புனிதப் பாதையே ஏறும் பாதையாகிவிட்டது என்பது ஒன்று. தம் நிலத்திற்கு வந்த விருந்தினன் இறந்தால் அத்துயரும் பொறுப்பும் தம்மையே சாரும் என்பது மற்றொன்று. ஏறியவர்களுள் 37 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். மேலும், பாறை உச்சியில் கழிப்பிடம் இல்லை. மழை பெய்யுங்கால் அசுத்தம் வழிந்து அடிவாரச் சுனைகளில் கலந்தது.

ஆயினும் உடனே தடை விதிக்கவில்லை. அடிவாரத்தில் அறிவிப்புப் பலகை வைத்துக் காரணங்களைக் கூறி வேண்டிக்கொண்டனர். பண்பாட்டு நிலையம் ஒன்றை 1995-ஆம் ஆண்டில் திறந்து, வருவோர் முதலில் அங்கே செய்திகளை அறிந்துகொள்ளுமாறு செய்தனர். ஏறாமலே கண்டு மகிழப் பல வழிகளை ஏற்படுத்தினர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறுவோர் தொகை குறைந்தது. ஐவருள் ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே சென்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் நிருவாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்து, 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் ஏறும் பாதையை மூடியது. நிலம் திரும்பப் பெற்ற அதே நாளை அதற்குத் தேர்ந்தனர். மூடுவதற்கு முந்திய வாரங்களில் கடைசி முறையாக ஏறிவிட வேண்டுமென்று பெருங்கூட்டம் வரிசையில் நின்றது உண்மை. அக்கூட்டத்தைக் கண்டு முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சங்கிலி அகற்றப்பட்டது.

ஒப்படைப்பிற்கும் தடைக்கும் இடையே 34 ஆண்டுகள் கழிந்தன. பொறுமையாக விளக்கி, மாற்றுவழி காட்டி, பின்னரே தடுத்தனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

நடந்து காட்டும் முறை

மேலே ஏறாவிடில் அங்கே காண்பதற்கு என்ன உண்டு என்று கேட்கலாம். உள்ளது ஏராளம். மலையின் அடிவாரத்தில் மாலா நடை என்று ஒன்று உண்டு. போக வர சுமார் 2 கிலோமீட்டர். மாலா என்பது முயலளவே உள்ள சிறு கங்காரு இனம். அவ்வினத்தின் வடிவில் வந்த முன்னோர் அங்கே தங்கிய வரலாற்றை அந்நடை கூறுகிறது. வழியில் குகைகள் உள்ளன. ஒரு குகை பெண்கள் உணவு சமைத்த இடம். மற்றொன்றில் முதியோர் இளைஞர்க்குப் பாடம் கற்பித்தனர். கற்பிக்கும்போது வரைந்த கோடுகளும் வட்டங்களும் சுவரில் இன்றும் உள்ளன. நாம் பள்ளியில் கரும்பலகை வைத்திருப்பது போன்றதே அது.

பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் பள்ளமும் அவர்களுக்கு ஒரு செய்தி கூறுவதாகும். முத்திசுலு என்னும் சுனையருகே குனியா என்னும் மலைப்பாம்புப் பெண்ணும், லிரு என்னும் நச்சுப்பாம்பு வீரனும் போரிட்ட கதையைப் பாறையின் தழும்புகளைச் சுட்டிக் காட்டியே கூறுவர். பொழுதுபோக்கிற்குச் சொல்லப்படும் புராணம் என்று இதனை எண்ணுதல் பிழை. எந்தச் சுனையில் எக்காலத்தில் நீர் நிற்கும், யாருடன் யார் மணவுறவு கொள்ளலாம், பகிர்ந்துண்ணாதவனுக்கு என்ன நேரும் என்னும் அறமும் அறிவும் அக்கதைகளில் பொதிந்துள்ளன. அவர்கள் அதனைச் சுகுர்ப்பா என்பர். சட்டம், சமயம், வரலாறு, நிலநூல் ஆகிய நான்கும் சேர்ந்தது அச்சொல்.

வழிகாட்டும் முதியவர் தம் தாய்மொழியிலேயே பேசுவதும், உடன் வருபவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பதும் அங்கே வழக்கமாயிருந்த ஒரு முறை. ஆங்கிலம் அறியாத மூதாட்டியும் ஆசிரியையாகலாம் என்பதை இது காட்டிற்று. மணலில் பதிந்த சுவடுகளைப் பார்த்து எவ்வுயிர் எப்பொழுது சென்றது எனக் கூறுதல், வேரைத் தோண்டி உண்ணத்தக்க புழுவை எடுத்தல், தேன் சேர்த்து வைக்கும் எறும்பின் வளையைக் காணல் ஆகியவற்றில் அம்முதியோர் வல்லவர்.

எல்லாவற்றையும் எல்லோர்க்கும் கூறுவதில்லை என்பதும் இம்முறையின் ஒரு கூறு. ஆண்கள் மட்டும் அறியத்தக்கவை உண்டு. பெண்கள் மட்டும் அறியத்தக்கவை உண்டு. சில இடங்களில் படம் எடுத்தலாகாது என்று பலகை உள்ளது. கேட்கும் கேள்விக்கு விடை கூறாது வழிகாட்டி அமைதியாய் இருந்தால், அது சொல்லத்தகாத பொருள் என்று விருந்தினர் உணர்ந்துகொள்கின்றனர். மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்ற பலர், பின்னர் மனம் வருந்தி, மன்னிப்புக் கடிதத்துடன் அவற்றை அஞ்சலில் திருப்பி அனுப்புகின்றனர். மதிப்பைக் கற்பிக்க இயலும் என்பதற்கு இது சான்று.

கைத்தொழிலும் இதனோடு இணைந்துள்ளது. 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய மருக்கு என்னும் அமைப்பு அனாங்கு மக்களுக்கே உடைமையானது. சுமார் 900 கைவினைஞர் அதில் சேர்ந்துள்ளனர். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் கோலம் சுட்டுச் செய்யும் பாத்திரங்களும் உருவங்களும் அதன் வழியே விற்பனையாகின்றன. இடைத்தரகர் கையில் சிக்காது பொருள் செய்தவருக்கே விலை சேர்வதற்கு இது வழி செய்தது.

ஆறு பருவங்கள்

வடபுலத்திலுள்ள கக்காடு தேசியப் பூங்கா சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வெளியார் அங்கே மழைக்காலம், வறண்ட காலம் என இரண்டையே கூறுவர். அந்நிலத்து மக்களோ ஆறு பருவங்கள் கூறுவர். பெருமழைக் காலம், புயல் வீசிப் புல் சாயும் காலம், குளிர் தொடங்கும் காலம், குளிர் மிகுந்த காலம், வெயில் காயும் காலம், மழை திரளும் காலம் என்பன அவை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழ் மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நிலத்தோடு நெருங்கி வாழ்வோர் காலத்தை நுட்பமாகப் பகுப்பர்.

இப்பகுப்பு நாட்காட்டியைச் சார்ந்ததன்று. ஒரு குறிப்பிட்ட மரம் பூத்தால் காட்டில் சிறுதீ மூட்டும் காலம் வந்தது என்று பொருள். குளிர் தொடங்கும் பருவத்தில், ஈரம் முற்றும் வற்றுமுன், புல்லைச் சிறு சிறு பகுதிகளாக எரித்துவிடுவர். அதனால் கோடையில் பெருந்தீ பரவாது; எரிந்த இடத்தில் தளிர் விடும்; விலங்குகள் மேய வரும். ஒரு காலத்தில் இதனைத் தடைசெய்த அதிகாரிகளே இன்று பூங்காவைப் பேண இம்முறையைக் கைக்கொள்கின்றனர். வழிகாட்டியுடன் ஆற்றில் படகில் செல்வோர் முதலையையும் பாறை ஓவியத்தையும் காண்பதோடு, இவ்வறிவையும் பெற்றுத் திரும்புகின்றனர்.

வாய்க்கால் வெட்டி விலாங்கு வளர்த்தோர்

உழவர் பெருமக்கள் சிறப்பாகக் கருத வேண்டியது விக்டோரியா மாநிலத்துப் பட்ஜ் பிம் என்னும் இடத்தின் வரலாறு. அது குண்டிச்மாரா மக்களின் நாடு. பழைய எரிமலை கக்கிய குழம்பு உறைந்து அங்கே கரும்பாறைக் காடாக உள்ளது. அம்மக்கள் அப்பாறைகளைப் பெயர்த்து வாய்க்கால் அமைத்தனர்; கற்களை அடுக்கி அணை கட்டினர்; குளங்களைத் தேக்கினர். கடலிலிருந்து ஆறு வழியே ஏறிவரும் விலாங்கு மீன்களை அவ்வாய்க்கால்களில் செலுத்தி, குளத்தில் நிறுத்தி வளர்த்து, அணையின் வாயில் புல்லாற் பின்னிய நீண்ட கூடையை வைத்துப் பிடித்தனர். பிடித்த மீனை மரப்பொந்தில் புகையூட்டிப் பதப்படுத்தினர். இவ்வமைப்பின் பழைமை 6,600 ஆண்டுகள். அதாவது எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்டது.

நிலத்தைப் பயன்படுத்தத் தெரியாது அலைந்து திரிந்தோர் என்று எம்மக்களைக் குறித்துக் கூறினரோ, அம்மக்களே இவ்வளவு பெரிய நீர்ப்பணியைச் செய்திருந்தனர்! அருகிலேயே கற்சுவர் எழுப்பிய வீடுகளின் அடித்தளங்களும் காணப்படுகின்றன.

அவ்வேலைக்கு நீர் தந்த ஏரியின் பெயர் தே ராக். குடியேறியோர் மேய்ச்சல் நிலம் வேண்டி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 1950-களிலும் வடிகால் வெட்டி அதனை வற்றச் செய்தனர். ஏரி வற்றியதும் மீனும் போயிற்று; வாய்க்கால் அறிவும் மறையும் நிலை வந்தது. குண்டிச்மாரா மக்கள் நீதிமன்றம் சென்று 2007-ஆம் ஆண்டில் நில உரிமை பெற்றனர். 2010-ஆம் ஆண்டில் புதிய தடுப்பணை கட்டப்பட்டு ஏரியில் மீண்டும் நீர் நின்றது. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. ஆதிக்குடியினரின் பண்பாட்டுச் சிறப்பு ஒன்றற்காகவே ஆஸ்திரேலியாவில் அவ்வாறு ஏற்கப்பட்ட முதலிடம் இதுவே. அவ்வாண்டு இறுதியில் மூண்ட காட்டுத்தீ புதரை எரித்தபோது, அதுவரை அறியப்படாத வாய்க்கால்களும் வெளிப்பட்டன.

2022-ஆம் ஆண்டில் தே ராக் ஏரிக்கரையில் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று அங்கே வருவோரை அந்நாட்டு இளைஞர்களே அழைத்துச் சென்று வாய்க்காலைக் காட்டுகின்றனர். விலாங்கு உணவையும் படைக்கின்றனர். இங்கே ஒரு வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிலம், பின்பு நீர், அதன்பின் மீன், இறுதியில்தான் விருந்தினர். ஏரியைச் சீர்செய்யாமல் வரவேற்பு மண்டபத்தை மட்டும் கட்டியிருந்தால் காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

வண்டிகளை நிறுத்திய ஊர்

குயின்ஸ்லாந்து மாநிலத்து டெயின்ட்ரி மழைக்காடு உலகின் மிகப் பழைய மழைக்காடுகளுள் ஒன்று. அதன் தென்பகுதியில் மாஸ்மன் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழும் குக்கு யலஞ்சி மக்களின் குடியிருப்பின் ஊடேதான் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் பாதை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான வண்டிகள் அவர்கள் வாயிலைக் கடந்து சென்றன. புழுதியும் நெரிசலும் ஊருக்கு, வருவாய் பிறருக்கு.

2012-ஆம் ஆண்டில் ஊருக்கு இப்பாலே வரவேற்பு நிலையம் ஒன்றை அமைத்தனர். விருந்தினரின் வண்டிகள் அங்கேயே நிற்க வேண்டும். அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவிற்கு நிலையத்துப் பேருந்தே அழைத்துச் செல்லும். உணவுச்சாலை, விற்பனைக் கூடம், வழிகாட்டும் பணி ஆகியவற்றில் ஆதிக்குடி இளைஞர் பயிற்சியும் வேலையும் பெற்றனர். வண்டியை நிறுத்தும் இடத்தை மாற்றிய ஒரே செயலால் புழுதியும் குறைந்தது, வருவாயும் ஊர்ப்பக்கம் திரும்பியது.

அங்கே நடை தொடங்குமுன் இலைகளை எரித்துப் புகையெழுப்பி விருந்தினரை அதனூடே நடக்கச் செய்வர். முன்னோரிடம் அனுமதி பெறுதலும் வந்தவர்க்குக் காவல் வேண்டுதலும் அதன் நோக்கம். பின்னர் ஓர் இலையைக் கசக்கி நீரிட்டுத் தேய்த்து நுரை எழச் செய்து காட்டுவர். அது நம் பூந்திக்கொட்டையைப் போன்று பயன்படுவது. தொட்டால் பல நாள் எரியும் முள்மரத்தைச் சுட்டி விலகச் சொல்வர். அக்காட்டில் ஒரு பெருங்கொட்டை உண்டு. பச்சையாக உண்டால் நஞ்சு. அதனைச் சுட்டு, மெல்லியதாய்ச் சீவி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து நஞ்சை நீக்கி மாவாக்குவர். எத்தனை தலைமுறைகளின் சோதனை அம்மாவில் அடங்கியுள்ளது என்பதை எண்ணும்போது, காட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் டெயின்ட்ரி தேசியப் பூங்காவின் உடைமையும் கிழக்குக் குக்கு யலஞ்சி மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

குறைகளும் உள

இவற்றைப் படிப்போர் எல்லாம் இனிதே நடைபெறுவதாக எண்ணிவிடலாகாது. உலூரு மலையடியிலுள்ள முத்திசுலு குடியிருப்பில் வீட்டுவசதி, உடல்நலம், வேலை ஆகியவற்றில் குறைகள் நீங்கிவிடவில்லை. உலகப் புகழ் பெற்ற மலை அருகில் இருப்பதாலேயே வறுமை தீர்ந்துவிடாது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது பூங்கா மூடப்பட்டது, வருவாய் நின்றது. திறந்த பின்னரும், நோய் பரவிய ஊரிலிருந்து விமானத்தில் வந்தோரை உள்ளே விடாது ஆகஸ்டு மாதத்தில் அக்குடியிருப்பினர் சாலையை மறித்தனர். தம் முதியோரின் உயிர் வருவாயினும் பெரிதென்று அவர்கள் கருதினர். விருந்தினரை ஒன்றையே நம்பி வாழும் ஊருக்கு ஆபத்து உண்டு என்பதும் அவ்வாண்டு தெளிவாயிற்று.

அரசு தவறிய இடமும் உண்டு. கக்காடு பூங்காவிலுள்ள கன்லோம் அருவியில் 2019-ஆம் ஆண்டில் பூங்கா நிருவாகம் விருந்தினர் வசதிக்கென நடைபாதை ஒன்று அமைத்தது. புனிதத் தலத்தை ஒட்டிய பணிக்கு உரிய அனுமதிச் சான்றைப் பெறவில்லை. நிலத்துக்குரியோர் மனம் புண்பட்டனர். வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. அரசு நிருவாகமும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே என்று 2024-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. நிருவாகத்துக்கு 2 இலட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. நன்மை செய்யவே நடைபாதை போட்டோம் என்பது விடையாகவில்லை.

இச்செய்தியைப் படித்தபோது என் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வந்தது. மலைப்பாங்கான ஒரு வட்டாரத்தில் நான் இளநிலையில் பணியாற்றிய காலத்தில், சிற்றருவி ஒன்றைக் காண மக்கள் பெருகினர். வண்டி நிறுத்தக் கட்டணம் ஏலத்தில் வெளியூராருக்குச் சென்றது. அருவியின் எதிரே சிமிட்டி மேடை ஒன்று கட்டப்பட்டது. பணி முடிந்து பார்வையிடச் சென்றபோது முதியவர் ஒருவர், “ஐயா, நாங்கள் ஆண்டுதோறும் பொங்கல் வைக்கும் இடம் இது. எங்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இருபது அடி தள்ளிக் கட்டச் சொல்லியிருப்போம். அங்கே வெள்ளமும் ஏறாது” என்றார். அவ்வாண்டு மழையில் மேடையின் ஒரு பக்கம் அரித்துச் சென்றது. கோப்பில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். மதிப்பீடும் வரைபடமும் முறையாகவே இருந்தன. கேட்க வேண்டியவரைக் கேட்காமை ஒன்றே குறை.

நாம் கருத வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் நிலைமையும் நம் நிலைமையும் ஒன்றல்ல. அவர்கள் சட்டம் வேறு, வரலாறு வேறு. ஆகவே அதனை அப்படியே எடுத்து நட்டுவிட இயலாது. எனினும் வெளியூரார் வந்து காணத்தக்க இடம் தம் எல்லையில் உடைய ஒவ்வோர் ஊராட்சியும் கிராம சபையில் வைத்து விவாதிக்கத்தக்க கேள்விகள் சில இதிலிருந்து கிடைக்கின்றன.

முதலாவது, அவ்விடத்தின்மீது உரிமையும் வழக்கமும் உடையோர் யாவர்? அவர்கள் கருத்தைக் கேட்டோமா? மேய்ப்போரும், விறகும் தேனும் எடுப்போரும், வழிபாடு செய்வோரும் இதில் அடங்குவர்.

இரண்டாவது, காட்டத்தகாதது எது? எதனைத் திறப்பது என்று எண்ணுமுன் எதனை மூடி வைப்பது என்று முடிவு செய்தல் நலம். கோயிற்காடு, ஈமநிலம், குடிநீர்ச் சுனை முதலியன எல்லோர் காலும் படும் இடங்களாதல் கூடாது.

மூன்றாவது, வண்டிகள் எங்கே நிற்கும்? கழிப்பிடம் எங்கே? கழிவு எவ்வழி ஓடும்? இம்மூன்றையும் தீர்க்காது விளம்பரம் செய்தல் தீங்கு.

நான்காவது, வரும் பணத்தில் ஊருக்கு எத்துணைப் பங்கு? அப்பங்கு எழுத்தில் உள்ளதா? உலூருவில் நான்கில் ஒரு பங்கு என்று குத்தகையின் கீழ் வரையறுத்துள்ளனர். வாய்ச்சொல்லாக இருப்பது ஆண்டு முடிவில் மறைந்துவிடும்.

ஐந்தாவது, ஊரைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் யார்? பள்ளிப் படிப்பில்லாத மூதாட்டி ஐம்பது மூலிகைகளை அறிந்திருக்கலாம். அவரிடம் ஊர் இளைஞர்கள் இன்றே கேட்டறிந்து மனத்திற் கொள்ளல் வேண்டும். மேடையை இடித்துத் திரும்பக் கட்டலாம். மறைந்த அறிவை அவ்வாறு மீட்க இயலாது.

ஆறாவது, விருந்தினர் வாராத ஆண்டில் ஊர் எதனால் வாழும்? உழவையும் கால்நடையையும் கைவிட்டு இதனை மேற்கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது. உழவு அடுப்பை மூட்டட்டும். விருந்தினர் வருவாய் உபரியாய் அமையட்டும்.

அனாங்கு மக்கள் சங்கிலியை அகற்ற 34 ஆண்டுகள் காத்திருந்தனர். குண்டிச்மாரா மக்கள் ஏரியில் நீரைக் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தனர். நம் கிராம சபைகள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. பணிக்கு மதிப்பீடு போடுமுன், அவ்விடத்தில் ஊர் முதியோருடன் ஒரு முறை நடந்து வருதல் போதும். அந்த நடையில் அவர்கள் முன்னே செல்லட்டும். அலுவலர்களும் உறுப்பினர்களும் பின்னே செல்வோம்.